வாத்தியார் வண்டியும் மீன் வண்டியும்

எஸ்தர்,

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். குஜராத்தில் அந்த உப்புக் கடற்கரைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. விடுதியிலிருந்து வேலைக்குப் போக ஆட்டோவை நம்பி அலுத்துப்போய்ப் பழைய பைக் ஒன்று வாங்கப் பார்க்கிறாய். மூன்று வண்டி விலைக்கு வந்திருக்கிறது. "நீங்க பக்கத்துல இல்லையேம்மா, எது நல்ல வண்டின்னு நான் எப்படிப் பாப்பேன்?" என்று கேட்டாய். கேள்வி கேட்ட ஆளைப் பார்! என் ஆயுளில் நான் இரண்டு பைக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், இரண்டுமே தவறு. நம் வீட்டுக்கு வந்த ஒரே நல்ல வண்டி நீ பார்த்து எடுத்தது. அதைத் தேடிய நாட்களிலும் குனிந்து பார்க்கவிடாமல் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவள் நான். ஜெயித்தவர்களுக்கு எப்படி ஜெயித்தோம் என்பது சீக்கிரம் மறந்துவிடும் போலிருக்கிறது. தோற்றவளுக்கு அது மறக்காது. அதனால் இந்தக் கடிதத்தில் என் புத்திமதி என்று ஒன்றும் பெரிதாக இருக்காது. உன் கெட்டிக்காரத்தனத்தை உனக்கே திருப்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். தாளில் எழுதினால் டீச்சர் பேசி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். உன் அறையில் இருக்கும் பெண்களுக்கும் வாசித்துக் காட்டு, அவர்களும் வண்டி வாங்குவார்கள். இங்கே அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன். அவரும் கேட்கவேண்டியது இதில் இருக்கிறது.

முதல் வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. அப்பா துறைமுகத்தில் லாரி எடைமேடையில் வேலை பார்த்தார், முத்தையாபுரத்திலிருந்து சைக்கிளில்தான் போய்வருவார். நாசரேத்தில் உன் சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பஸ்ஸில் இடிபட்டுப் போய் இறங்க எனக்கு மனசில்லை, ஒரு பைக் வாங்குவோம் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்பா ஒரு வண்டியைப் பார்த்து வைத்திருந்தார். பால்காரர் ஒருவருடையது. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கித் தொங்கி வண்டியின் பின்பக்கமெல்லாம் கீறலாகக் கிடக்கும். "சத்தம் ஒரே சீரா இருக்குளா, நல்ல வண்டி" என்றார். எனக்குக் கேட்டதுமே பற்றிக்கொண்டு வந்தது. "பால் கேன் தொங்குன வண்டியிலயா எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து இறங்கச் சொல்லுதீய?" என்று ஒரே போடாகப் போட்டேன். நம் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் வாயில் எப்போதும் ஒரு வார்த்தை இருக்கும்: வாத்தியார் வண்டி. வாத்தியார் என்றால் வேகமாக ஓட்டமாட்டார், துடைத்து வைத்திருப்பார், பொய் சொல்லமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. நானே டீச்சர் வேறு. கேட்கவா வேண்டும்? என் ஊர்ப்பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் ஓய்வுபெற்று வண்டியைக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டதும், பால்காரர் கதையை அத்தோடு மூடிவிட்டேன்.

அந்தத் தலைமையாசிரியர் வீட்டில் வண்டிமேல் போர்த்தியிருந்த போர்வையை அவர் எடுத்த விதத்திலேயே நான் விழுந்துவிட்டேன். பளபளவென்று இருந்தது. மீட்டரில் ஓடிய தூரம் கொஞ்சம்தான். இரண்டு வருஷமாக முட்டுவலியால் எடுக்கவே இல்லை என்று சொன்னார், அதையும் நான் ஒரு பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் பெட்ரோல் டேங்கின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணினார். நான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன். அப்பா டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப்பார்க்கக் குனிந்தார். நான் அவர் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். பெரிய மனிதர் வீட்டில் போய் அவர் பொருளைக் குனிந்து பார்ப்பது அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகாதா? அதுதான் என் மரியாதை. அப்பா நிமிர்ந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து, கல்யாணத்தன்று காலையில், நான் பட்டுப்புடவையில் பின்னால், நீ டேங்க் மேல், அப்பா நடுவில், முக்காணிப் பாலத்தின் நட்டநடுவில் வண்டி இரண்டு விக்கு விக்கி நின்றது.

ஆத்தூர் வரை அப்பா தள்ளிக்கொண்டு வந்தார். வெயில் ஏறிவிட்டது. நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். நீ வண்டிமேல் உட்கார்ந்து ராணி மாதிரி வந்தாய், இறங்க மாட்டேன் என்று அழுகை வேறு. ஆத்தூரில் மெக்கானிக் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்ததும் பெட்ரோலோடு துரு கொட்டியது, செங்கல்லை அரைத்துக் கரைத்ததுபோல. "ஓடித் தேஞ்ச வண்டின்னா பரவாயில்லக்கா. இது சும்மா நின்னே கெட்டுருக்கு. தொறந்து பாக்காமலா வாங்குனிய?" என்றார். கோவிலில் தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். என் கூடப்பிறந்தவள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கவில்லை. பந்தியில் எல்லாரும் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். அப்போது நான் சொன்னதை இப்போது எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "என்ன செய்ய, எங்க வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியல" என்று சொன்னேன். பந்தி முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். அடுத்த மாதமே வண்டியைக் கொடுத்துவிட்டார். அதற்குப்பிறகு ஒரு பைக்கைத் தொடவில்லை. உன் அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று நம்பித்தான் நீ வளர்ந்தாய். நீ நம்பியதற்குக் காரணம் நான் சொன்னதுதான். அவர் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

இனி உன் கதைக்கு வருகிறேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு டியூஷன் சென்டரில் பிள்ளைகளோடு தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருந்தாய். சாகுபுரம் கெமிக்கல் தொழிற்சாலையில் லேப் வேலை கிடைத்தது. காலை ஆறு மணி ஷிப்ட். ஆறு மாதம் பயிற்சி, அதில் நேரம் தவறாமல் வந்தால்தான் வேலை நிரந்தரம் என்று நேர்முகத்திலேயே சொல்லிவிட்டார்கள். எந்த பஸ்ஸைப் பிடித்தாலும் நம் வீட்டிலிருந்து ஆறு மணிக்குள் போய்ச் சேர வழியில்லை. ஒரு பைக் வேண்டும், அதுவும் ஒருநாள்கூட வழியில் நிற்காத பைக். இல்லையென்றால் திரும்ப டியூஷன் சென்டர்தான். பட்டபிறகும் புத்தி வந்ததா எனக்கு? மறுபடியும் கிளம்பினேன், வாத்தியார் வண்டி தேடி. என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற சாமுவேல் சார், நம் தெருவிலிருந்து மூன்றாவது தெரு, கோவில் முடிந்து வெளியே வரும்போது "வண்டி ஒண்ணு கெடக்கு டீச்சர்" என்றார். நான் உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வரச்சொன்னார். நீ ஆறரை மணிக்கே என்னை இழுத்துக்கொண்டு போனாய். "அவுக குளிச்சிருக்க மாட்டாக, இந்நேரத்துல போயி நிக்கிறது நல்லாவா இருக்கு?" என்றேன். "எட்டு மணிக்குப் போனா வண்டியச் சூடாக்கி வச்சிருப்பாவம்மா. ஆறிக் கெடக்கும்போது ஒரு உதையில கெளம்புதான்னுலா பாக்கணும்" என்றாய். போனதும் முதல் வேலையாக இஞ்சினைத் தொட்டுப் பார்த்தாய், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிறதுபோல. பாவம் சாமுவேல் சார், லுங்கியோடு வெளியே வந்து சட்டையைத் தேடினார். நான் அவர் மனைவியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் உன்னைப் பார்க்கிறேன். நீ மீட்டரைப் பார்க்கிறாய், பிறகு பிரேக் பெடலில் இருக்கிற ரப்பரைத் தடவிப் பார்க்கிறாய். மீட்டர் கொஞ்ச தூரம்தான் காட்டுகிறது, ரப்பரோ வழவழவென்று தேய்ந்துபோயிருக்கிறது. "மீட்டர மாத்திரலாம் சார், ரப்பர மாத்த யாருக்கும் தோணாது" என்று நீ சொன்னபோது எனக்கு முகம் சுட்டது. அதோடு விட்டாயா? போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு, சுடிதாரோடு, அந்த வீட்டு வாசலில் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டுவிட்டாய்.

"ஏளா, எந்திளா! என்ன வேலை பாக்க நீ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். உன் துப்பட்டாவை இழுத்தது அப்போதுதான். நீ காதிலேயே வாங்கவில்லை. ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனாய். ணங், ணங் என்று கேட்டது. சீட்டுக்கு அடியில், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இடம் வந்ததும் சத்தம் மாறியது. பொத் என்று கேட்டது. மறுபடி தட்டினாய், மறுபடியும் பொத். எனக்கே கேட்டது. "சார், இங்கன மட்டும் புதுசா கருப்புப் பெயிண்ட் அடிச்சிருக்கே, ஏன்?" என்றாய். சாமுவேல் சார் அப்படியே லுங்கியை மடித்துக்கொண்டு உன் பக்கத்தில் குனிந்தார். பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. "எம் மருமவன் உப்பளத்துக்குத்தாம்மா நாலஞ்சு வருசமா எடுத்துட்டுப் போனான். பெயிண்டும் அவன்தான் அடிச்சான், பாக்க நல்லா இருக்கும்னு. உள்ள இப்படி இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் வாத்தியார் பெயர், வண்டி தினமும் போய் நின்றது உப்புப் பாத்தியில். நான் புத்தகத்தில் இருந்த பெயரைத்தான் பார்த்தேன். நீ அந்த இடத்தை ஈரப்பஞ்சால் துடைத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடிக்கொண்டாய். எதற்கு என்று கேட்டதற்கு, "நாளைக்குச் சொல்லுதேன்" என்றாய். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புகார் வைத்தேன், உங்கள் மகள் என் மானத்தை வாங்கிவிட்டாள் என்று. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அவளாவது குனிஞ்சு பாக்கட்டும்ளா" என்றார். அந்த 'ஆவது' எனக்கு இடுப்பில் கிள்ளியதுபோல இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீ என்னைத் திரேஸ்புரத்துக்குக் கூட்டிப்போனாய். யார் வீட்டுக்கு என்று தெரிந்தபோது நான் பாதித் தெருவிலேயே நின்றுவிட்டேன். கஸ்பார்! நம் தெருவுக்குத் தினமும் மீன் கொண்டுவருகிற கஸ்பார். புதிதாக ஒரு லோடு ஆட்டோ எடுத்துவிட்டார், பைக்கைக் கொடுக்கப்போகிறார். தூத்துக்குடியில் யாரை வேண்டுமானாலும் கேள், எந்தப் பழைய வண்டியையும் வாங்கு, மீன் வண்டியை மட்டும் வாங்காதே என்பார்கள். ஐஸ் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி இரும்பைத் தின்றுவிடும், வாடை ஜென்மத்துக்கும் போகாது. நானும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இதையேதான் சொன்னேன். நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "எம்மா, நீங்க ஸ்கூலுக்குக் கெளம்புறதுக்கு எதப் பாத்து நேரம் வைப்பீங்க?" நான் யோசிக்காமல், "கஸ்பார் ஹாரன் சத்தம் கேட்டா ஏழரை" என்றேன். சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. பத்து வருஷமாக ஞாயிறும் பெரிய வெள்ளிக்கிழமையும் தவிர்த்து அந்த ஹாரன் ஏழரைக்குக் கேட்காத நாள் எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வண்டியைத் தினமும் காலையில் காதாலேயே பரிசோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை. "ஒரு நாள் நின்னா மீன் நாறிருமே, அவுக நிக்க விடுவாகளா?" என்றாய்.

கஸ்பார் வீட்டு வாசலில் நாம் போனபோது அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, "பாருங்க டீச்சர், குடிக்க வாங்குத நல்ல தண்ணியில ரெண்டு கொடம் தெனமும் இதுக்கு! போர் தண்ணிய ஊத்துனா ஆவாதாம்" என்று நம்மைப் பார்த்ததும் முறையிட ஆரம்பித்துவிட்டார். கஸ்பார் சிரித்துக்கொண்டே, "போர் தண்ணியும் உப்புத்தான டீச்சர், உப்ப உப்பால கழுவி என்ன செய்ய?" என்றார். ஐஸ் பெட்டிக்கு அடியில் பழைய லாரி டியூபை வெட்டி விரித்திருந்தார். பெட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகச் சக்கரத்தைத் தாண்டித் தரையில் விழும்படி கட்டியிருந்தார். கழுவி முடித்ததும் பழைய இஞ்சின் ஆயிலை ஒரு துணியில் தொட்டு அடிச்சட்டம் முழுக்கத் தடவினார். நீ படுத்து நாணயத்தால் தட்டினாய். கோவில் மணிபோல முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே ணங். பெயிண்ட் உரிந்திருந்தது, கீறல் இருந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. நீ கேட்பதற்கு முன்னால் அவரே குறை சொல்ல ஆரம்பித்தார்: "பாப்பா, பின் ஷாக் ரெண்டும் ஓஞ்சு போச்சு, பாரம் ஏத்துன வண்டில்லா. அத மாத்திரு. செயினும் இன்னும் ஆறு மாசந்தான் தாங்கும். வேற ஒண்ணுமில்ல, மாதா சத்தியமா." தன் வண்டியின் குறையை வாய்விட்டுச் சொல்லுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. தலைமையாசிரியர் ஜெபம் பண்ணினார், சாமுவேல் சார் டீ கொடுத்தார். இவர் குறையைச் சொன்னார்.

ஆறிக் கிடந்த வண்டியை நீயே உதைத்தாய், ஒரே உதை. கைக்குட்டையைச் சைலன்சருக்குப் பின்னால் பிடித்து, கொஞ்ச நேரம் நிற்கவிட்டு முறுக்கிப் பார்த்தாய், எண்ணெய் எரிகிற நீலப்புகை வருகிறதா என்று. கைக்குட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அடிச்சட்டத்தில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப்பார்த்தாய். பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தாய், அன்றைக்கு என்னிடம் கேட்ட ஒரே உதவி. கடற்கரைச் சாலையில் நீ நேராக ஓட்டிக்கொண்டு போக, நான் பின்னால் நின்று முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் போகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்து வளைந்த வண்டி என்றால் நண்டுபோலச் சாய்ந்து போகுமாம். நான் மூக்கைப் பொத்தின கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணையும் சுருக்கிப் பார்த்தேன். ஒரே கோடு. அங்கேயும் ஒரு பஞ்சைத் துடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டாய்.

அன்று சாயங்காலம் நம் சாப்பாட்டு மேஜையில் நீ நடத்தியதை என் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்போதே காட்டியிருக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரை இரண்டு கண்ணாடிக் குழாயில் ஊற்றினாய். ஒன்றில் சாமுவேல் சார் வண்டிப் பஞ்சு, மற்றதில் கஸ்பார் வண்டிப் பஞ்சு. கல்லூரி லேபில் முன்பே கெஞ்சி வாங்கிவைத்திருந்த சில்வர் நைட்ரேட்டை இரண்டிலும் இரண்டு சொட்டு விட்டாய். உப்பு இருந்தால் வெள்ளையாகும் என்றாய். அப்பாவும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து நின்றார். வாத்தியார் வண்டித் தண்ணீர் மோர் மாதிரி வெளுத்துப்போனது. மீன் வண்டித் தண்ணீரில் லேசாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். கடலோரத்தில் எந்த இரும்புக்கும் அது இருக்கும் என்றாய். எனக்கு நம்ப முடியவில்லை. நிஜமாகவே வெள்ளையா என்று சிந்தியிருந்த மருந்தை விரலால் தொட்டுப்பார்த்தேன். தொடாதீங்கம்மா என்று நீ கத்துவதற்குள் தொட்டாகிவிட்டது. மறுநாள் விரல் கருப்பாகிவிட்டது, என்ன தேய்த்தும் போகவில்லை. அடுத்த ஞாயிறு கோவிலில் கேட்டவர்களிடம் தலைக்கு அடிக்கிற டை என்று சொல்லிவைத்தேன். சாமுவேல் சாரிடம் மட்டும் பொய் சொல்லவில்லை. வாக்கைத் திருப்பி வாங்க நானே அவர் வீட்டுக்குப் போய், விரலைக் காட்டிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தே விட்டார். "நல்லவேள டீச்சர், பிள்ளைய அந்த வண்டியில அனுப்பியிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்காது" என்றார். அவரை அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பிடித்தது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஆறு மாதம், ஒருநாள் தவறாமல் ஆறு மணிக்கு முன்னால் சாகுபுரம் கேட்டில் இருந்தாய். ஐப்பசி மழையில் ஆத்தூர் பக்கம் ரோடே தெரியாமல் தண்ணீர் ஓடியபோதும் அந்த வண்டி உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கஸ்பார் லோடு ஆட்டோவில் மீன் கொண்டுவரும்போதெல்லாம், "நம்ம வண்டி நல்லா இருக்கா?" என்று உன்னை விசாரிக்காமல் வண்டியைத்தான் விசாரிப்பார். வேலை நிரந்தரமான ஆணையை வாங்கிக்கொண்டு நீ வந்த அன்று சாயங்காலத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, தெரு முழுக்க அந்த மீன் ஹாரனை அமுக்கிக்கொண்டே மூன்று சுற்றுச் சுற்றினாய். நான் முதல்முறையாக அந்த வண்டியில் முந்தானையைக் காற்றில் பறக்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வீடு பெண்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "டீச்சர், என்ன மீனு?" என்று கேட்டார்களே! "எம் மகளுக்கு வேலை!" என்று கத்தினேன். சட்டியோடு நின்று அவர்கள் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. அது உனக்குத் தட்டியதுதான், ஆனாலும் பாதி எனக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அதனால் எஸ்தர், அந்த மூன்று வண்டிகளில் எது என்று என்னைக் கேட்காதே. அங்கேயும் உப்புக் காற்றுதான், இங்கே பார்த்ததையே பார். விற்கிறவர் யார், என்ன சாதி, எந்தப் பள்ளியில் படிப்பித்தார் என்பதெல்லாம் இரும்புக்குத் தெரியாது. அந்த வண்டி தினமும் காலையில் எங்கே போனது, ராத்திரி எங்கே நின்றது, யார் பிழைப்பு அதைச் சார்ந்திருந்தது என்று கேள். சூடாவதற்கு முன்னால் போ. பளபளப்பாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, யார் கண்ணுக்கும் படாத இடத்தைப் பார். யாராவது முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும், உன் துப்பட்டாவை இழுக்க அங்கே நான் இல்லை. பாஷை தெரியாதே என்று கவலைப்படாதே. நாணயத்தால் தட்டினால் கேட்கிற சத்தம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இனி எழுதப்போவதுதான் உனக்குப் புதிய செய்தி. இதைவிடப் பெரிய வேலை கிடைத்து, நீ சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் குஜராத்துக்குப் போனபிறகு வண்டி சும்மா நின்றது. நின்றால் கெட்டுப்போகும் என்று எனக்குப் பதற்றம், ஆத்தூர் மெக்கானிக் சொன்னது இன்னும் காதில் இருக்கிறதே. போன ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்ததும் அப்பா சாவியை எடுத்தார். "நாசரேத்துக்கு ஒந் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வருவமா?" என்றார். "லைசென்ஸ்?" என்றேன். பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார். இத்தனை வருஷமும் எனக்குத் தெரியாமல் அதைத் தவறாமல் புதுப்பித்து வைத்திருக்கிறார். அதைக் கையில் வாங்கி, தேதியை இரண்டு தடவை வாசித்தேன். ஓட்டமாட்டேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. ஓட்டத் தெரியாது என்று நான்தான் சொன்னேன். வண்டியில் ஏறினோம். ஒரே சீராக, பதற்றமில்லாமல் ஓட்டினார். முக்காணிப் பாலம் வந்தபோது நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திறந்தபோது பாலம் பின்னால் போயிருந்தது.

உன் சித்தி வீட்டில் அன்றைக்குச் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். அந்தப் பழைய பந்தியில் சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர், "என்ன அத்தான், வண்டியிலயா வந்தீய? பாலத்துல நிக்கலையா?" என்று ஆரம்பித்தார். அப்பா வழக்கம்போலச் சிரிக்கத் தயாரானார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன்: "எங்க வீட்டுக்காரர் நல்லா வண்டி ஓட்டுவாரு. அன்னைக்கும் நல்லாத்தான் ஓட்டுனாரு. அவரு பாத்த வண்டிய வேண்டாம்னதும் நான், அந்த ஓட்ட வண்டிய எடுத்ததும் நான், அவரு குனிஞ்சு பாக்கப்போனப்ப கிள்ளுனதும் நான். அவரு பேர்ல பழியப் போட்டதும் நாந்தான்." உன் சித்திதான் முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும். இந்த முறை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தது.

வெயில் தாழ்ந்தபிறகு திரும்பினோம். முக்காணிப் பாலத்தின் நட்டநடுவில், அதே இடத்தில், வண்டி மெதுவாகி, ஓரமாகப் போய், நின்றது.

"என்னாச்சு? நின்னுட்டா?" என்று கேட்டேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் சிரிப்பு. "வண்டி நிக்கலளா. நாந்தான் நிறுத்துனேன். மத்தியானம் சாப்புடும்போது என்னமோ சொன்னியே, அத இன்னொருக்க சொல்லு" என்றார்.

பக்கத்தில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. அவற்றுக்கு மேலே கேட்கும்படி சத்தம் போட்டுச் சொன்னேன், ஒருமுறை இல்லை, மூன்று முறை. அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு உதைத்தார். ஒரே உதையில் கிளம்பியது.

நீ போய்க் குனிந்து பார், மகளே.

உன் அம்மா